பஞ்சம்மாள் கொடுத்த போன் நம்பர்

பஞ்சம்மாள் அத்தை எதைப் பேசினாலும் முதலில் சின்னதாக ஒரு இருமல் வரும். அப்புறம் "அது என்னன்னா" வரும். ஏழாயிரம்பண்ணைக்கு வேலைக்குப் போகும் வேனில் நான் அவர் மாதிரியே அந்த இருமலை இருமினால் போதும், பெண்கள் குலுங்கிச் சிரிப்பார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பது அத்தைதான். "இன்னொருக்கா பேசுலே முனியராஜ், நான் அப்பிடியா இருக்கேன்?" என்பார்.

பதினோரு வருஷம் ஒரே பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டினார். கம்பெனி ரெஜிஸ்டரில் அவர் பெயர் கிடையாது. வேனில் போகும் எங்கள் யார் பெயரும் கிடையாது. நாங்கள் காண்ட்ராக்டர் பெத்தணன் அண்ணாச்சியின் ஆட்கள். ஆபீசர்கள் சோதனைக்கு வந்தால் பின்கேட் வழியாக ஓடி வேலிக்கருவைக் காட்டுக்குள் உட்காருவோம். அதை லீவு மாதிரி நினைத்துக் கூத்தடிப்போம்.

2006 தீபாவளிச் சீசனில் வெட்டிக்கொண்டிருந்த திரிக்கட்டு தீப்பிடித்து அத்தையின் வலது கை வெந்தது. விரல்கள் ஒட்டிக்கொண்டன. கம்பெனியில், அவள் எங்கள் ஆள் இல்லை என்றார்கள். அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு ஒரு வாரம் வந்தார், அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

அத்தை தனியாக விருதுநகர் போய் தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்தார். மனு எழுதியவர் போன் நம்பர் கேட்டிருக்கிறார். அத்தை மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரைச் சொன்னார். அது அண்ணாச்சியின் செல் நம்பர். ரேஷன் கார்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் தெருவே அந்த நம்பரைத்தான் கொடுக்கும். மனு யார் மேல் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

ஆபீசிலிருந்து அத்தையைக் கேட்டுப் போன் வந்தபோது நான் வேன் பக்கத்தில் நின்றேன். அண்ணாச்சி "இந்தா கூப்பிடுதேன் சார்" என்று சொல்லிப் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டு அடுப்புல வெந்துச்சுன்னு சொல்லு. நீ சொன்னா அவளே சொன்ன மாதிரி இருக்கும்லே."

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கும் சொல்லக் கூசுவது அதைத்தான். போனை வாங்கி இருமினேன்.

ஆபீசர் பொறுமையானவர். "பயப்படாதீங்கம்மா. காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் கம்பெனிக்குள்ள காயம்பட்டா கம்பெனிக்கும் பொறுப்பு இருக்கு. ரெஜிஸ்டர்ல பேரு இல்லாதது உங்க தப்பில்ல. வந்து நடந்ததச் சொல்லுங்க, போதும்."

பதினோரு வருஷமாக அத்தையிடம் யாரும் சொல்லாதது. அவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அது என்னன்னா சார், வீட்டு அடுப்புலதான் வெந்துச்சு. ஆத்திரத்துல மனுப் போட்டுட்டேன், விட்டுருங்க" என்றேன்.

வேனில் யாரும் சிரிக்கவில்லை.

லெட்டர் வரும் என்று இரண்டு மாசம் பார்த்துவிட்டு அத்தை நேரில் போனார். நீங்களே போனில் வேண்டாம் என்றீர்களே அம்மா என்று ஆபீசர் கேட்டிருக்கிறார். பஸ் இறங்கியவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானே பேசுன மாதிரி இருந்துச்சாம்லே. நாளைக்கு எங்கூட வா. அந்த சாரு முன்னால ஒருக்கா பேசிக் காட்டு."

மறுநாள் பஸ்ஸில் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுத்தார். ஒட்டிய விரல்களை முந்தானையால் மூடியிருந்தார்.

ஆபீசர் மேஜை முன்னால், அவர் பக்கத்தில் நின்றுகொண்டே இருமினேன். "அது என்னன்னா சார்" என்று ஆரம்பித்து, அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். என் குரலைக் கேட்டு அத்தை சிரிக்காதது அன்றைக்குத்தான்.

"அடுப்புல வெந்துச்சுன்னு சொன்னது இவன் சார். கம்பெனில வெந்துச்சுன்னு நான் சொல்லுதேன்."

ஆபீசர் மனுவை மறுபடி எடுத்தார். நடந்ததை என்னிடம் எழுதி வாங்கினார். கையெழுத்துப் போட்டதும் அண்ணாச்சி வேனில் இனி எனக்கு இடமில்லை என்று தெரிந்தது. அத்தை மனுவில் இடது கைப் பெருவிரலை வைத்தார்.

விசாரணைக்குக் கூப்பிட ஒரு நம்பர் சொல்லுங்கள் என்றார் ஆபீசர். என் சட்டைப் பையில் செல் இருந்தது. அத்தை என் பக்கம் திரும்பவில்லை.

"போன் வேண்டாம் சார். வீட்டுக்கு லெட்டர் போடுங்க."