பானெட்டில் தீர்த்தம்

பழைய கறுப்பு கார் ஒன்றை வாங்கி ஒதியம்பட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, மாதா கோயிலுக்கு ஓட்டிப்போய் மந்திரித்தோம். சாமியார் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். நான் துணியை எடுத்ததும் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தீர்த்தத்தப் போயி தொடைப்பாங்களா? தானா காயட்டும்."

உச்சி வெயில். கொதிக்கிற பானெட்டில் அது காய்ந்தது. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர்தானே, அதன் உப்பெல்லாம் வெள்ளை வெள்ளைப் புள்ளிகளாய் நின்றது. வேலைக்குப் போகும் வழியில் ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் அதையே பார்த்துப் பல்லைக் கடிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் காரை நிழலில் நிறுத்தினேன். வினிகர் தண்ணீரில் உப்பு போனது, மங்கல் போகவில்லை. கிளேஸ் என்கிற பாலிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் துடைத்தேன். பழைய கீறல்களும் சேர்ந்து மறைந்தன. அதன்மேல் மெழுகை மெல்லிசாகப் பூசி, வெளுத்ததும் துடைத்தேன். கறுப்பு உள்ளேயிருந்து எழுந்து வந்தது. வேப்பமரம் இலை இலையாக அதில் தெரிந்தது.

"இன்னாடி, தீர்த்தத்தையே தொடச்சிட்டியா?" என்றார் அவர்.

"தீர்த்தம் அன்னிக்கே உள்ள எறங்கிடுச்சு. மேல நின்னது உப்புதான்."

முறைத்துவிட்டு உள்ளே போனவர், தீர்த்த பாட்டிலோடு வந்து மறுபடியும் தெளித்தார். துளிகள் முத்து முத்தாகத் திரண்டு நின்றன. மரநிழல் விலகி வெயில் பானெட்டை நெருங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே துடைத்தார்.