கட்டிலில் உறங்கும் சோற்றுப்பானை

மத்தியானத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலில் சோற்றுப்பானை படுத்திருக்கும். அரிசி நன்றாகக் கொதித்து வரும்போது அடுப்பை நிற்பாட்டி, மூடியை இறுக்கி, துவாயால் சுற்றி, இந்த நாட்டுச் சனம் ‘டீனே’ என்று சொல்கிற தடித்த இறகுப் போர்வைக்குள் வைத்து நாலு பக்கமும் செருகிவிடுவேன். மிச்ச வேலையைச் சூடே பார்த்துக்கொள்ளும். நாங்கள் நோர்வேக்கு வந்த புதிதில் ஒருநாள் மேல்வீட்டு இங்ரிட் கதவைத் தட்டி உள்ளே வந்தார். கட்டிலில் போர்வை உருண்டு உயர்ந்திருப்பதைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தார். “குழந்தை தூங்குகிறதா?” என்று காதோடு கேட்டார். என் மகள் தாரணியோ குசினி வாசலில் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். “அது சோறு” என்றேன். ஒரு பெண் சோற்றை ஏன் படுக்கவைக்கிறாள் என்று அந்த மனுசிக்கு எப்படி விளங்கும்? போர்வையைத் திறந்து காட்டினேன். பானையைத் தொட்டுப் பார்த்தவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இங்ரிட் காரை விற்றுவிட்டுப் பனியிலும் சைக்கிளில் போகிறவர். பூமி சூடாகிறது, அவரவர் வீட்டுப் புகையை அவரவர்தான் குறைக்க வேண்டும் என்பது அவருடைய கதை. மாதத்தில் ஒரு மாலை எங்கள் கட்டடத்துச் சனத்தை நிலவறையில் கூட்டிக் கோப்பியும் கேக்கும் வைப்பார். ஒருவர் வீட்டுச் சூட்டைக் குறைத்ததைச் சொல்வார், இன்னொருவர் உடுப்பை மெஷினில் காயவைக்காமல் கொடியில் போட்டதைச் சொல்வார். ஒருநாள் என்னையும் பேச எழுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்ச நோர்வே மொழியில் பானைக் கதையைச் சொன்னேன். ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரியில் விளக்கு எரித்ததைச் சொன்னேன். ஊர் முழுக்கச் சைக்கிளில் போனதைச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

“இதையெல்லாம் ஏன் தொடங்கினீர்கள்?” என்று ஒருவர் கேட்டார்.

“பெற்றோல் வரவில்லை.”

“கடை அவ்வளவு தூரமா?”

“கடை கிட்டத்தான். பெற்றோல்தான் தூரம்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். பொருளாதாரத் தடை, காவலரண், மூடிய பாதை என்பதற்கெல்லாம் அப்போது என்னிடம் அவர்களின் மொழியில் சொல் இருக்கவில்லை. பூமியை நேசிக்கிற ஒரு சாதிசனம் எங்கேயோ காட்டுக்குள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அவர்கள் கேக் வெட்டினார்கள்.

அந்தக் காடு வன்னி, சண்டைக் காலத்தில் கொழும்பு அரசாங்கம் பாதையை மூடிப் பொருட்களைத் தடுத்து வைத்திருந்த இடம். எங்கள் ஊர் விசுவமடு. அம்மா செத்த பிறகு நான் அண்ணை வீட்டில்தான் வளர்ந்தேன். என்னை வளர்த்தது அண்ணையின் மனைவி, என் மச்சாள். மாரியில் விறகு நனைந்து புகைந்தால் அவவுக்குக் கோபம் வரும். அரிசி கொதித்ததும் பானையை இறக்கி, வைக்கோல் அடைத்த மரப்பெட்டிக்குள் இறுக்கி வைத்துவிட்டு, காய்ந்த கொள்ளியை இரவுக்கென்று எடுத்து ஒளிப்பா. அதற்காக எங்கள் வாழ்க்கை முழுக்கச் சுத்தம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அண்ணை தன் பழைய மோட்டார் சைக்கிளை ஒரு மிடறு பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில்தான் ஓட்டுவார். வீட்டுக்கு வருகிற ஒழுங்கை முழுக்கப் புகையில் கறுத்துப்போகும். “பிள்ளை, கோப்பையைக் கழுவு. முகில் வருகுது, பின்னால உன்ர அண்ணையும் வருவார்” என்பா மச்சாள். இல்லாமையை அழகாக்கிக் கதைக்க எனக்கு மனம் வராது. பெற்றோல் வராத அந்தப் பாதையால் மருந்தும் வரவில்லை.

சண்டை நின்று பாதை திறந்த அடுத்த வருசம், கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அண்ணை எடுத்தார். “பிள்ளை, மச்சாளுக்குக் கண் போய்க்கொண்டிருக்குது. இருக்கிற பார்வையைக் கொஞ்சக் காலம் பிடிச்சு வைக்கலாமாம், போனதைத் திருப்பேலாதாம். அவ வேற ஒண்டும் கேக்கேல்லை. உன்ர முகத்தையும் பிள்ளையின்ர முகத்தையும் ஒருக்காப் பாக்கவேணுமாம்.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அந்தக் கிழமைதான் நிலவறைக் கூட்டமும் வந்தது. ஒரு விமானப் பயணம் நாங்கள் வருசம் முழுக்கக் குறைத்த புகை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று இங்ரிட் விளக்கினார். “இந்த ஆண்டு நாம் யாரும் பறக்காமல் இருப்போமா?” எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கை மட்டும் மடியில் கிடந்தது. அதுவரை எனக்குக் கை தட்டிய சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

படியில் ஏறும்போது, ஊரில் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்க்கக் கேட்கிறார், அதனால்தான் கை உயர்த்தவில்லை என்றேன். இங்ரிட் மெதுவாகக் கேட்டார். “உங்கள் படங்களை அவருக்கு அனுப்ப முடியாதா?”

“படம் தெரியாது. கண் போகிறது. கிட்டே பிடித்தால்தான் முகம் தெரியும்.”

“யார் அவர், உன் அம்மாவா?”

“அண்ணாவின் மனைவி.”

அவர் நின்றுவிட்டார். இவர்களுடைய ஊரில் அண்ணாவின் மனைவி என்றால் நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு வாழ்த்து மட்டை, அவ்வளவுதான். எனக்குத் தலை இழுத்துப் பின்னியவ, என் முதல் சேலையைக் கொசுவியவ, தன் தோட்டைக் கழற்றித் தந்து கொழும்புக்கு அனுப்பியவ என்பதை எந்த மொழியில் சொல்வேன்? அழுதுவிட்டேன். இங்ரிட் மேலே போனார். இத்தனை நல்ல மனுசியை இழந்துவிட்டேனே என்று அடுத்த நாட்கள் முழுக்க நினைத்துக்கொண்டே பெட்டி அடுக்கினேன்.

புறப்படுகிற காலை டாக்சிக்குத் தொலைபேசி எடுக்கப் போனேன். வாசலில் இங்ரிட் சைக்கிளோடு நின்றார். என் பெட்டியைத் தூக்கிப் பின் கரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். “விமானத்தை என்னால் நிறுத்த முடியாது. டாக்சியையாவது நிறுத்துகிறேன்.” ரயில் நிலையம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். தாரணி சைக்கிள் இருக்கையில் ஏறியிருந்து மணி அடித்துக்கொண்டு வந்தாள்.

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் அண்ணை புது மோட்டார் சைக்கிளோடு நின்றார். முழுக்கப் பெற்றோலில், கறுப்புப் புகை இல்லாமல் ஓடுகிற வண்டி. நானோ வாய் சும்மா இராமல், “அண்ணை, கிட்ட உள்ள இடத்துக்குச் சைக்கிளில போகலாம்தானே? அங்கை இப்ப பெரிய ஆக்களே சைக்கிள்தான்” என்றேன்.

“எடியே, அவ்வளவு தூரம் பிளேனில வந்து இறங்கி என்ர சைலன்சருக்குள்ள எட்டிப் பாக்கிறியோ? ஏறு, ஏறு.”

மச்சாள் முற்றத்து வெயிலுக்குத் தாரணியை இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைக்கிற கிட்டத்தில் பிடித்துப் பார்த்தா. நெற்றி, மூக்கு, காது என்று விரலும் கண்ணும் சேர்ந்து போயின. “மூக்கு எங்கட ஆக்களின்ரதான்” என்றா. பிறகு என் முகத்துக்கு வந்தா. “நல்லா இளைச்சுப்போனாய்” என்றதோடு சரி. நான் குண்டாகித்தான் போயிருந்தேன்.

குசினிக்குள் காஸ் அடுப்பு இருந்தது. விறகு நெருப்பு கண்ணுக்குத் தெரியாமல் சீலையில் பற்றிவிடும் என்று அண்ணை வாங்கிக் கொடுத்ததாம். வைக்கோல் பெட்டி எங்கே என்று கேட்டேன்.

“அதுக்குள்ள கோழி அடை கிடக்குது. ஏன் கேக்கிறாய்?”

“நான் இப்பவும் சோற்றைப் போர்த்துத்தான் மூடுறனான், மச்சாள்.”

“அங்கை கரண்ட் இல்லையே?”

“இருக்கு.”

“காசு இல்லையே?”

“இருக்கு.”

“பின்னை என்ன விசரே?”

புகை, சூடு, உருகுகிற பனி என்று எனக்குத் தெரிந்தளவில் சொன்னேன். மச்சாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் உலகத்துக்கு நல்லது செய்திருக்கிறம். ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே” என்றா. அண்ணை சிரித்த சிரிப்பில் பெட்டிக்குள் கிடந்த கோழி எழும்பி ஓடியது.

அது பாதை திறந்திருந்த காலம். இப்போது மறுபடியும் சண்டை, பாதையும் பூட்டியாயிற்று. காஸ் போவதில்லை, பெற்றோல் போவதில்லை. போன கிழமை அண்ணையின் அழைப்பு வந்தது. மோட்டார் சைக்கிளை மழை நனைக்காத படங்குச் சீலையால் மூடி மாமரத்தடியில் விட்டிருக்கிறாராம். தோட்டத்துக்குப் போகும் முன் அடுப்பை மூட்டி, அரிசி கொதிக்கும் வரை மச்சாளோடு தானே நின்று, பிறகு நெருப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத்தான் போவாராம். கோழியைக் கலைத்தாயிற்று. மச்சாள் தடவித் தடவிப் பெட்டிக்குள் வைக்கோல் அடைத்து பானையை மூடுகிறாவாம். “பயப்பிடாதை பிள்ளை” என்று அவவே தொலைபேசியை வாங்கிச் சொன்னா, “பெட்டிக்குச் சுடத் தெரியாது.”

எங்கள் கட்டடத்தில் இந்த வருசமும் புகை குறைந்திருக்கிறதாம். இங்ரிட் கேக் கொண்டுவந்தார். நானும் சந்தோசமாகத்தான் தின்றேன், ஏனென்றால் அவர் சொல்வது உண்மை. ஆனால் நான் அடுப்பை நானாக அணைக்கிறேன். விரும்பினால் திரும்பவும் போடலாம். அங்கே அணைத்தது பாதையைப் பூட்டிய கை.

இன்றைக்குச் சோற்றைப் போர்த்துவிட்டுக் கட்டிலில் பக்கத்திலேயே இருந்தேன். இங்ரிட் கதவைத் திறந்து, பழைய பகிடியாக, நுனிக்காலில் வந்து கேட்டார்: “தூங்குகிறதா?”

வழக்கமாகச் சிரிப்பேன். இன்றைக்கு அவருடைய கையைப் பிடித்துப் போர்வைக்குள் விட்டேன். விசுவமடுவில் இன்றைக்கும் வைக்கோலுக்குள் இன்னொரு பானை இருந்திருக்கும். இரண்டு பேரும் கையை எடுக்காமல் இருந்தோம். சூடு இருந்தது.