செட்டு மாத்திரை

எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் மெடிக்கலில் யாரும் மாத்திரையின் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். இரண்டு மூன்று அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெரியவர்களுக்கு முழுசு, பிள்ளைகளுக்குப் பாதி. அதுதான் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்.

என் சின்ன மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது, என் மனைவியின் தம்பி கடத்தூர் சந்தைக்குப் போன இடத்தில் செட்டு வாங்கி வந்தான். நாலு வயதுப் பிள்ளைக்கு என்று சொல்லித்தான் வாங்கினானாம். காய்ச்சல் விட்டது, மறுபடி வந்தது. மறுபடி வாங்கினான். அப்புறம் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கண் மஞ்சளாகி, கூப்பிட்டால் விழிக்காமல் கிடந்தாள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதுதான். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று என்றோம். நிறத்தை வைத்து நான் என்ன செய்ய, உடனே போய்க் கேட்டு வாருங்கள் என்றார்.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறப்பவன் இல்லை. அன்று மச்சினன் சொன்ன கடத்தூர் மெடிக்கலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். கடைக்காரர் முகம் மாறாமல், "இங்க வாங்கலீங்க. வேற கடையா இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்றவர், "எந்தக் கடைன்னே தெரியாம வந்துட்டாரு பாவம்" என்று சிரித்தார். நான் நகரவில்லை. கூட்டம் குறைந்ததும் கடைக்காரர் என்னைச் சந்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், மூன்று அட்டைகளைக் கையில் திணித்தார்.

"அந்த ரோஸ் மட்டும் சின்னப் புள்ளைங்களுக்குக் குடுக்கறதில்லீங்க. பாதிதான குடுத்தீங்க? கடை பேரச் சொல்லிராதீங்க."

தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார்.

ரோஸ் அட்டையைப் பார்த்ததும், ஈரலைக் கெடுத்தது இதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. எந்தக் கடை என்றார். சொன்னேன்.

மகள் பிழைத்துவிட்டாள். கடைக்கு யாரோ அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். கடை நடக்கிறது. ஊரில்தான் என்னோடு பேச்சு குறைந்துபோனது. செட்டு வாங்கி வந்த மச்சினனே கேட்டான்: "புள்ளதான் பொழச்சுக்கிச்சில்ல மாமா? அவசரம்னு போனா எந்நேரமும் தொறந்து குடுக்கற மனுசன். அவரப் போயி எதுக்குக் காட்டிக்குடுத்தீங்க?"

பிழைத்த பிள்ளைக்கு ஈரலைச் சோதிக்க இன்னும் மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் ஊசியைப் பார்த்து அழுவாள். இப்போது தானாகவே கையை நீட்டுகிறாள்.