காணும் என்றால் நண்டு

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையை அஜின்கோர்ட்டில் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களிடம் அவரே போய் அறிமுகம் செய்துகொள்வார். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். இங்கே மிசிசாகாவில் ஒரு யப்பான் கொம்பனியில், கார்ப் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. கொம்பனியில் எட்டு மணித்தியாலம் கீறல் தேடிவிட்டு, மிச்ச நேரத்தில் எங்கள் கட்டடத்துச் சனத்தில் தேடுவார்.

தொண்ணூற்றாறில் கோயில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். கச்சேரியில் அவரைக் கண்டால் எழும்பி நின்றவர்கள் உண்டு. இந்த ஊரில் பஸ்ஸில் இடம்கூட விடுவதில்லை. அது அவரை உண்மையாகவே அரித்துக்கொண்டிருந்தது. தலைவரானால் நாலு பேர் எழும்புவார்கள் என்று நம்பினார். "வெள்ளிக்கிழமையிலை மச்சம் மாமிசம் தொடாத தலைவர் வேணும்" என்பதுதான் பிரசாரம். எதிர்த்து நின்ற சச்சிதானந்தனும் அதையே சொன்னார். தான் டவுன்டவுனில் பாங்கு வேலை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

என் பெயர் சீமோன். சிலுவை போடுகிற வேதக்காரன், ஊர் பாசையூர். எனக்கு அந்தக் கோயிலில் வோட்டு இல்லை. டவுன்டவுனில் யப்பான் குடிக்கடை ஒழுங்கை ஒன்றில் சமையல்காரனாக இருந்தேன். ஒழுங்கை என்றால் நிசமான சந்து இல்லை, ஒரு பேஸ்மென்டுக்குள் முதலாளி கட்டியது. சிவப்புக் காகித விளக்குக் கூடுகள், பழைய பியர் விளம்பரங்கள், தலையில் இடிக்கிற தகரக் கூரை. புதுத் தகரம் வாங்கி, அதைத் துருவேற்றிக் கறள் பிடிக்க வைப்பதற்கு ஆள் பிடித்தார். கறள் தகரத்தை விட்டு ஓடிவந்த நாங்கள் அதற்குப் பின்னால் நின்று சமைத்தோம். ஒழுங்கையில் ஐந்து சின்னக் கடைகள். கடைக்கு ஒரு மாகாணமாக, யப்பான் சாப்பாடும் சாராயமும் என்று பலகை தொங்கும். ஐந்துக்கும் பின்னால் ஒரே குசினி. அதற்குள் முழுக்க யாழ்ப்பாணம்.

ஞாயிறு தேர்தல். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, வடமாகாணக் கடையில் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை இருப்பதைத் திரை இடுக்கால் கண்டேன். பக்கத்தில் அவருடைய யப்பான் மனேஜர். மனேஜர் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா? உப்புப் போட்டு அவித்த சோயா அவரையை மட்டும் கொறித்துக்கொண்டு மர வாங்கு நுனியில் இருந்தார். பரிமாறுகிற யப்பான் பெட்டை வந்து, வேறென்ன வைக்க என்று சைகையால் கேட்டாள். மனிதர் பந்தியில் இருக்கிற பழக்கத்தில் தட்டுக்கு மேலே கையை விரித்து, "காணும், காணும்" என்றார்.

போதும் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது. அவள் காதில் அது 'கனி மோ' என்று விழுந்தது. யப்பான் மொழியில் அதற்கு 'நண்டும்' என்று அர்த்தம்.

தட்டு நிறைய நண்டு போனது. தங்கள் மொழியிலேயே கேட்டுவிட்டார் என்று மனேஜருக்குப் பெருமையும் புளுகமும் தாங்கவில்லை. இனி எப்படி மறுப்பது? மரியாதைக்கு ஒரு காலை எடுத்தார். ஓட்டைக் கடித்து, உறிஞ்சி, கண்ணை மூடினார். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் கண்டதேயில்லை. பெட்டை திரும்பவும் வந்தாள். "காணும்" என்றார். இரண்டாவது தட்டு போனது. பிறகு அவள் வரமுன்னரே கையை உயர்த்தி, "காணும்!" என்று கூப்பிட்டார். அது எந்த மொழி என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

மூன்றாவது தட்டைக் கொண்டுபோகச் சட்டி கழுவுகிறவரை அனுப்பினேன். எனக்கும் குறும்பு இருக்காதா? சட்டி கழுவுகிறவர் வேறு யாருமில்லை, சச்சிதானந்தன்.

அண்ணையின் வாயில் நண்டுக்கால். சச்சிதானந்தனின் இடுப்பில் ஈர ஏப்ரன்.

"தம்பி, நீர் பாங்கிலை எல்லே வேலை எண்டனீர்?"

"அண்ணை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லே?"

இருவரும் நண்பர்கள் என்று நினைத்த மனேஜர், சச்சிதானந்தனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தார். அவர் மறுக்கவில்லை. அண்ணையும் தன் கிண்ணத்தைத் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டியே இல்லை. "அண்ணையைப் போல ஆசாரமான ஆள் இந்த ஊரிலை இல்லை" என்று சச்சிதானந்தன் அவரைத் தலைவராகப் பிரேரித்தார். "பாங்கு அனுபவம் உள்ளவர்" என்று அண்ணை அவரைப் பொருளாளராகப் பிரேரித்தார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. வெள்ளிக்கிழமைகளில் மச்சத்தோடு புழங்குகிறவர்கள் அன்னதானம் பரிமாறக் கூடாது என்பது புதிய சபையின் முதல் தீர்மானம்.

இதைக் கேள்விப்பட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வெள்ளி அந்தச் சிரிப்பு நின்றுபோய் ஆத்திரம்தான் வந்தது. எங்கள் மாடியில் இருக்கும் யோகராணி அக்காவுக்கு மீன் வெட்டுகிற பக்டரியில் வேலை. வேலை முடிந்து, முழுகி, விரதத்தோடு கோயிலுக்குப் போய்ப் பரிமாறுவார். அன்றைக்குத் தலைவர் வந்து, அவருடைய கையிலிருந்த அகப்பையை வாங்கிவிட்டாராம்.

"ஏனண்ணை?" என்று கேட்டிருக்கிறார்.

"பிள்ளை, குறை நினையாதையும். உம்மடை கை மீன் மணக்குது."

என்னிடம் இதைச் சொல்லிமுடிக்கும்வரை யோகராணி அக்கா தன் கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.