கனவுக் கூட்டத்தில் எழுந்து போனது யார்?

போன மாதம் மறுபடியும் அந்தக் கனவு வந்தது.

மேடை. மைக். எதிரே மண்டபம் நிறைய ஆட்கள். நான்தான் பேச வேண்டும்... எதைப் பற்றி என்று தெரியாது. குனிந்து பார்த்தால் – கைலி! மேலே கோட்டும் டையும், கீழே வீட்டில் கட்டுகிற கட்டம் போட்ட கைலி. வாயைத் திறக்கிறேன். வெறும் காற்றுதான் வருகிறது.

உங்களுக்கும் இப்படி வந்திருக்குமே? வராதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

காலையில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் விற்கும் கடையில் நண்பன் மணியத்திடம் இதைச் சொன்னேன். அவனிடம் சொன்னது என் தப்பு. பினாங்கில் கனவுக்கு அர்த்தம் கேட்கிறவர்களைவிட நம்பர் கேட்கிறவர்களே அதிகம். பாம்பு வந்ததா? அதற்கு ஒரு நம்பர். செத்துப்போன சித்தப்பா வந்தாரா? அவருக்கும் ஒரு நம்பர். லாட்டரிக் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சித்தப்பாவுக்காக வருத்தப்படுவார்கள்.

"மண்டபத்துல எத்தன பேரு?" என்றான் மணியம், ரொட்டியைப் பிய்த்தபடி.

"எண்ணலடா."

"எண்ணாம என்னாத்துக்கு லா கனவு காண்ற?"

அப்போது பின்னால் இருந்து ஒரு கரகரத்த குரல். "தம்பி, எனக்கும் இதே கனவுதான் வருது."

ஸ்டெல்லா அக்கா. எங்கள் மாடியிலேயே குடியிருப்பவர். ரொட்டி கட்டித் தரச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதா கோயிலில் தமிழ்ப் பூசையின்போது பதிலுரைப் பாடல் பாடுகிறவர் அவர்தான். நான் முருகன் கோயிலுக்குப் போகிற ஆள் என்றாலும், கிறிஸ்துமஸ் பூசையில் கேட்டிருக்கிறேன். அக்கா சில வரிகள் பாடி நிறுத்துவார். உடனே கோயிலில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து பல்லவியைப் பாடுவார்கள். பிறகு அக்கா. பிறகு எல்லோரும். கேட்பதற்கு அவ்வளவு சுகமாக இருக்கும்.

போன வருடம் அவருக்குக் கழுத்தில் கட்டி. ஆப்பரேஷன் செய்தார்கள். கட்டி போய்விட்டது, குரலும் கூடவே போய்விட்டது. பேசலாம், பாடினால் பாதியில் நின்றுவிடும். அன்றிலிருந்து அக்கா பூசையில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்கிறார். இந்த நேரத்தில் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. 'அம்மாதான் பாடணும், இல்லன்னா பாட்டே வேணாம்' என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் மகள்.

"மாப்பிள்ள வீட்டு ஆளுங்க சுங்கை பாக்காப்புலேருந்து பஸ் போட்டு வர்றாங்க தம்பி. அவங்க முன்னாடி சத்தம் வராம நின்னேன்னா புள்ளைக்குத்தானே அசிங்கம்? கனவுலயும் அதான். கோயில் நெறைய ஆளு. நான் வாயத் தொறக்குறேன், சத்தம் வரல. நீங்க பேப்பர்ல எழுதுறவரு... இதுக்கு என்னா அர்த்தம்?"

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்! அவசரமாகப் போனில் தேடினேன். ஒரு வீடியோ புகழ் வரும் என்றது. இன்னொன்று அவமானம் வரும் என்றது. மற்றொன்று வயிற்றைக் கவனிக்கச் சொன்னது. இதில் எதை அக்காவிடம் சொல்வது?

நான் அடுத்த வீடியோவைத் தேடுவதற்குள் மணியம் புகுந்துவிட்டான்.

"அக்கா, கோயில்ல எத்தன பெஞ்சு?"

அக்கா சொன்னார்.

"ஒரு பெஞ்சுக்கு எத்தன பேரு?"

அதையும் பொறுமையாகச் சொன்னார்.

"யாராச்சும் எந்திரிச்சுப் போனாங்களா?"

"அது ஏன் மணியம்?"

"போனவங்கள கழிக்கணும்லக்கா. இல்லாட்டி நம்பர் தப்பாயிரும்."

மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன். ஒரு தாய் கலங்கிப்போய் நிற்கிறார், இவனுக்குக் கழித்தல் கணக்கு!

ஆனால் அக்கா கோபப்படவில்லை. யோசித்தார். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இல்ல லா... ஒருத்தரும் போகல. எல்லாரும் அப்படியே உக்காந்திருக்காங்க."

"சிரிக்கிறாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. சும்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் போன சனிக்கிழமை நடந்தது. ஒரு பக்கம் அக்காவின் கோயில்காரர்கள். இன்னொரு பக்கம் பஸ்ஸில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டார். நானும் மணியமும் நடுவில்.

அக்கா நீலப் பட்டுச் சேலையில், பாடுவது என்றே முடிவு செய்து, எழுந்து முன்னால் போனார். என் கைலிக் கனவில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

பல்லவியைப் பாடினார். குரல் மெல்லியதாக இருந்தாலும் வந்தது. எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். அடுத்த வரியைத் தொடங்கினார்... பாதியில் குரல் நின்றுவிட்டது.

ஜெசிந்தா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது பின்னாலிருந்து யாரோ ஒருவர் பல்லவியைத் தொடங்கினார். அக்கா நிறுத்தினால் நாம் பாட வேண்டும்... எத்தனையோ வருடப் பழக்கம். வரி முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். அவர் தொடங்கியதும் பக்கத்தில் இருந்தவர்களும் தொடங்கிவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவர் பாவம், துரத்திக்கொண்டு ஓடினார். பாட்டு நடுவழியில் நிற்க, கோயில்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து தப்பான இடத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் அக்காவுக்கு மூச்சு வந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து பாடினார். மறுபடி நின்றது. மறுபடி இவர்கள் புகுந்தார்கள். இந்த முறை பழக்கத்தில் இல்லை, தெரிந்தே. மூன்றாவது தடவை மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள். ஜெசிந்தா அழுதுகொண்டே பாடினாள். நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பக்கத்தில் இருந்த மணியம் இதைப் படிப்பான்.

விருந்தில் மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க கோயில்ல இப்படித்தான் பாடுவீங்களா சம்பந்தி? ரொம்ப நல்லா இருந்துச்சு லா!"

"ஆமாங்க, இப்படித்தான்" என்றார் ஸ்டெல்லா அக்கா, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

யோசித்துப் பாருங்கள். கூட்டம் என்றாலே நம்மைப் பரீட்சை வைக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பசி. மீதிப் பேர் நாம் எப்படியாவது நன்றாகச் செய்துவிட வேண்டுமே என்று நம்மைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவர்கள். நாமோ நம் கைலியையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

நேற்று லிஃப்டில் அக்காவிடம் கேட்டேன். "அந்தக் கனவு இன்னும் வருதாக்கா?"

"வருது தம்பி. அதே கோயில், அதே ஆளுங்க." சிரித்தார். "இப்பல்லாம் நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவங்க ஆரம்பிச்சிர்றாங்க லா."

என் கனவும் வருகிறது. இன்னும் அதே கைலிதான். ஆனால் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தேன். யாரும் எழுந்து போகவில்லை.

முன்வரிசையில் மணியம் மட்டும் திரும்பி நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.