வடைக்கு அடியில் இருந்த தாள்கள்

எங்கள் கல்லூரியில் காகிதம் வீணாகாது. ஆய்வேடு எழுதுகிறவர்கள் திருத்தத் திருத்தப் புதிதாக அச்செடுப்பார்கள். பழைய தாள்கள் என்னிடம் வரும். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் அவற்றை நாலாகக் கிழித்துத் தட்டில் போட்டு, மேலே வடையை வைப்பேன். எண்ணெயை நன்றாக இழுக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அது தனியார் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. ஊருக்கு ஊர் கல்லூரி முளைத்த காலத்தில், கும்பகோணம் போகிற சாலையில், நாங்கள் நடவு நட்ட வயலிலேயே கட்டினார்கள். என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார். நான் அறிவியல் ஆய்வகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சம். டீயைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நிற்பேன். அதனால் எல்லாம் காதில் விழும்.

அங்கே விரிவுரையாளராக ஒரு பெண் வந்தார். நான் அவரை டீச்சர் என்று கூப்பிடுவேன். நாகப்பட்டினத்துப் பக்கம். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கும் படித்தார். எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவத்தைப் பற்றிய அறிவியல் பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. பாதிப் பள்ளிக்கூடங்களில் நடத்துவதே இல்லையாம். நடத்துகிற இடத்திலும், பெண்போல நடக்கிற பையனும், இன்னொரு பெண்ணையே நினைத்துக்கொண்டிருக்கிற பெண்ணும் வகுப்புக்குச் சிரிப்புப் பொருள். அந்தப் பிள்ளைகளிடமே பேர் போடாமல் எழுதி வாங்கி, அதை வைத்து நாலாவது இயலை எழுதியிருந்தார்.

அவரும் ஒரு தோழியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முருங்கைக்கீரை கொடுக்கப் போன ஒருநாள், தோழி இவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கீரையை வைத்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆய்வுக்கு வழிகாட்டுகிற கைடு எங்கள் துறைத்தலைவர்தான். நாலாவது இயலைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். நான் டீ கொண்டுபோயிருந்தேன்.

"அறிவியல் கல்வி ஆய்வுல இந்தக் கண்றாவியெல்லாம் எதுக்கும்மா?"

"பிள்ளைங்க வகுப்பை விட்டே எந்திரிச்சுப் போயிடுறாங்க சார். அதைவிட வேற என்ன ஆராயணும்? பப்பாளியில ஆண் மரம், பெண் மரம், ரெண்டும் சேர்ந்த மரம்னு பாடத்துல நாமளே நடத்துறோம். பிள்ளைங்கன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேங்குறோம்."

"பப்பாளி மரம் பொண்ணு பார்க்க வராதும்மா." தன் பேச்சுக்குத் தானே குலுங்கிச் சிரித்தார். பிறகு குரல் மாறியது. "உங்க வீட்டுல யார் இருக்காங்க, ஏன் கல்யாணம் பண்ணிக்கலன்னு நான் கேட்டேனா? கேட்கலல்ல. நாலாவது இயலை எடுத்துடுங்க. எடுத்தா கையெழுத்து. பிள்ளைங்க எழுதின தாளையும் கொடுத்துட்டுப் போங்க, சரிபார்க்கணும்."

டீச்சர் எழுந்து நின்றார். ஆறு வருட உழைப்பு. இயலை எடுத்தார். தாள்களையும் கொடுத்தார்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு எங்கள் பக்கம் கல்யாணம் மாதிரி. பட்டம் வாங்குகிறவரே சமையலுக்கும் சொல்ல வேண்டும், கைடுக்குப் பொன்னாடையும் வாங்க வேண்டும். என்ன கேள்வி வரும் என்பதற்கு முன்னால் கோழியா ஆட்டுக்கறியா என்பது முடிவாகும். அன்று ஆட்டுக்கறி. காலையில் தேர்வாளர் வந்து இறங்கியதும் கைடு ஒரு கட்டுத் தாளை என் கையில் கொடுத்தார்.

"இது வேண்டாத பேப்பர். வடைக்கு ஆகும்."

மேல்தாள் அச்சடித்தது. அடியில் என்ன என்று நான் பார்க்கவில்லை. கிழித்தேன், வைத்தேன், கொடுத்தேன். எச்சில் தாள்களைக் கொல்லைப்பக்கத் தொட்டியில் கொட்டினேன். கடைசித் தட்டை எடுக்கும்போதுதான், கைடு விரல் துடைத்துக் கசக்கிய தாளில் பிள்ளைக் கையெழுத்து தெரிந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். எண்ணெயில் எழுத்து இன்னும் கறுப்பாக இருந்தது. படித்தேன். எனக்கு அருவருப்பு வந்தது. கைடுமேல் மட்டுமில்லை, என்மேலும்தான். கிழித்தது என் கை.

அரங்கத்துக்குப் போகும் வழியில் டீச்சரை நிறுத்தினேன்.

"டீச்சர், நான்தான் கிழிச்சுப் போட்டேன். தெரியாம."

வாங்கிப் பார்த்தார். மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். தோழி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது. முடிவில் தேர்வாளர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "இந்த ஆய்வுல விடுபட்டதுன்னு எதைச் சொல்வீங்க?"

டீச்சர் தாளைப் பிரித்து வாசித்தார். "அந்தப் பாடம் நடத்தும்போது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் சிரித்தார்கள். அதிலிருந்து அறிவியல் பீரியடில் வயிறு வலிக்கிறது என்று சொல்லி வெளியே போய்விடுவேன்."

"இது ஆய்வேட்டுல இல்லையேம்மா."

"இல்ல சார். உங்க வடைக்கு அடியில இருந்துச்சு."

தேர்வாளர் தன் விரல்களைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். இனி இந்த மனிதர் ஏதாவது கேட்பார் என்று நான் நின்றேன். அவர் கைடைப் பார்த்தார். கைடு கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன்," என்றார் தேர்வாளர். எல்லோரும் கைதட்டினார்கள். எதிர்த்துக் கத்தியிருந்தால்கூட மனிதர்கள் என்று நினைத்திருப்பேன்.

பந்தியில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைடு எலும்பை உறிஞ்சிக்கொண்டே அவர்களுக்குப் புத்தி சொன்னார். "தலைப்பு எடுக்கும்போதே வம்பை எடுக்காதீங்க. கறி பஞ்சாட்டம் இருக்கு, சாப்பிடுங்க." அவர்கள் தலையாட்டிக்கொண்டே தின்றார்கள். கைடு என்னைப் பார்த்து இலையைக் காட்டினார். "இன்னும் ரெண்டு துண்டு வைங்க." வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் சாப்பிடவில்லை. பந்தி முடியும் நேரம் என்னிடம் வந்தார்.

"அக்கா, மிச்சம் எங்க கொட்டுனீங்க?"

காட்டினேன். தொட்டியில் காலைத் தாள்களின்மேல் எச்சில் இலைகள் விழுந்திருந்தன. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை விட்டார். தோழி ஓடிவந்து மறுபக்கம் குனிந்தார். குழம்பும் எலும்பும் ஈயுமாக நாறியது. நானும் கையை விட்டேன். கிடைத்த துண்டுகளைத் தோழி தன் துப்பட்டாவில் ஒற்றி ஒற்றிச் சுவர்மேல் பரப்பினார். பாதித் துண்டுகளில் எழுத்து கரைந்திருந்தது.

கைடும் தேர்வாளரும் பல் குத்திக்கொண்டே காருக்கு வந்தார்கள். பொன்னாடை கைடின் தோளில் இருந்தது. யார் போட்டார்களோ.

"குப்பையில என்னம்மா தேடுறீங்க?" என்றார் கைடு.

டீச்சரும் தோழியும் நிமிரவில்லை.

"நாலாவது இயல் சார்," என்றேன் நான்.

கார் போனது. நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.