கர்த்தருக்கு நேர்ந்த பால்

என் தாயார் சாகக் கிடந்தபோது என் வீட்டில் பால் இருந்தது. நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், கொஞ்ச நேரமாவது என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது வேண்டாம்.

நான் பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிரிடுகிறவன். 1934ஆம் வருஷத் தொடக்கத்தில் நானும் என் மனைவி எஸ்தரும் ஞானஸ்நானம் பெற்றோம். என் தாயார் முனியம்மாள் பெறவில்லை. நீ போடா, நான் கும்பிட்ட சாமியோடேயே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

அந்த ஆடி மாதம் எஸ்தருக்குப் பிரசவ வலி கண்டது. இரண்டு நாள் துடித்தாள். குழந்தை வரவில்லை. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நான் மாட்டுக்கொட்டகையில் முழங்காலில் விழுந்தேன். ஆண்டவரே, இரண்டு உயிரையும் தந்தால் எங்கள் பசுவின் பாலை ஒரு வருஷம் உமக்கே கொடுக்கிறேன், ஒரு துளிகூட நாங்கள் தொடமாட்டோம் என்று பொருத்தனை பண்ணினேன். இருவரும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. அதுவும் கேட்கப்பட்ட ஜெபம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

மறுநாள் முதல், கறந்த பாலைச் சொம்போடு எடுத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடந்து, ஆவடியில் எங்கள் உபதேசியார் வீட்டில் கொடுத்துவிட்டு வருவேன். அவருக்கு ஐந்து பிள்ளைகள். வீட்டுக்கு வைத்துக்கொண்டீர்களா என்று ஆரம்பத்தில் கேட்டார். எங்களுக்குக் குறைவில்லை என்றேன். சபையில் என்னை மெச்சினார்கள். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

மாசியில் தாயாருக்கு ஜுரம் வந்தது. வாயும் தொண்டையும் புண்ணாகிவிட்டன. கஞ்சியில் உப்புப் பட்டால்கூடத் துடித்தாள். பூந்தமல்லியிலிருந்து வந்த வைத்தியர், பாலை ஆற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, வேறொன்றும் இறங்காது என்று சொல்லிப் போனார். அது மாடுகளுக்குக் கோமாரி வந்த வருஷம். எங்கள் தெருவில் கறவை நிற்காமல் இருந்தது எங்கள் பசு ஒன்றுதான். அதைக் கர்த்தருடைய ஆசீர்வாதம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவள் ஒரே ஒரு முறை கேட்டாள். "ஏழுமல, ஒரு வாய் பாலு ஊத்துடா." ஏழுமலை என் பழைய பெயர். அது கர்த்தருக்கு நேர்ந்தது, கேட்காதே என்றேன்.

எனக்குப் பயம் இருந்தது. பொருத்தனையை மீறினால் எஸ்தரையோ குழந்தையையோ எடுத்துக்கொள்வார் என்று பயந்தேன். ஆனால் பயம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். விக்கிரகத்துக்கு விளக்கேற்றுகிறவள் வாயில் கர்த்தருடைய பாலை ஊற்றுவதா என்றும் நினைத்தேன். என்னைப் பெற்றவளைப் பற்றி அப்படி நினைத்தேன். உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக என்கிற ஐந்தாம் கற்பனையை அப்போதே எனக்கு மனப்பாடமாகத் தெரியும். சொல்லச் சொன்னால் தடுமாறாமல் சொல்லுவேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. எஸ்தர் ஊற்றிய உப்பில்லாத கஞ்சித் தண்ணீரில் இரண்டு வாய் இறங்கினால் அதிகம். ஒன்பது நாள், அவள் கட்டிலைத் தாண்டித்தான் பாலை எடுத்துப் போனேன்.

பத்தாம் நாள் மத்தியானம், அவள் படுத்திருப்பதைக் கேள்விப்பட்டு உபதேசியார் பார்க்க வந்தார். என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள் என்று எஸ்தரைக் கேட்டார். எஸ்தர் தலையைக் குனிந்து அழுதாள். வைத்தியர் பால் கொடுக்கச் சொல்லவில்லையா என்றார். தாயார்தான் பதில் சொன்னாள்.

"பாலு உங்க ஊட்டுக்கு வருதே ஐயா. நல்லா கீதா? அந்த மாட்டுக்குப் புல்லு அறுத்துப் போட்டவ நான்தான்."

அவர் முகம் செத்துவிட்டது. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பெற்றவர்களுக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லி மறுத்தவர்களை இயேசு எவ்வளவு கோபமாகக் கடிந்துகொண்டார் என்று எடுத்துச் சொன்னார். பிறகு சொன்னார்: "நீ கர்த்தருக்குக் குடுக்கலப்பா. உங்க அம்மா வாயிலேர்ந்து புடுங்கி என் புள்ளைங்களுக்குக் குடுத்துட்ட. அந்தப் பாவத்துல என்னையும் கூட்டு சேத்துகினியே."

 

அன்று சாயங்காலம் கறந்த பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுபோனேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். எஸ்தர் கொடுத்தாள், அதற்கும் திறக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். என்னை அடி, காறித் துப்பு, ஆனால் குடி என்று கெஞ்சினேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. உதடு வெடித்துக் கிடந்தது. ஆண்டவரே, அவள் வாயைத் திறந்துவிடும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று ஓயாமல் ஜெபித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளே வாயைத் திறந்து சொன்னாள்.

"சாமிக்கு நேந்துகினத நான் குடிச்சா, உன் பொண்டாட்டிக்கோ புள்ளைக்கோ இன்னானா ஆயிடும்டா. நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்?"

அவளுக்குக் கோபமே இல்லை. நான் நேர்ந்துகொண்டதை என்னைவிட அவள்தான் பெரிதாக மதித்தாள். அவளைத்தான் நான் விக்கிரகக்காரி என்று தள்ளி வைத்தேன்.

கட்டிலண்டையே விழுந்தேன். சபையில் ஜெபிக்கிற பாஷை வரவில்லை. வீட்டுப் பேச்சிலேயே ஜெபித்தேன். "ஆண்டவரே, தெரியாம நேந்துகினேன், மன்னிச்சிடு, தண்டிக்கணும்னா என்னத் தண்டி, இவங்கள விட்டுடு," என்றேன்.

அவள் கையை என் வாய்மேல் வைத்துப் பொத்தினாள். "அப்புடிச் சொல்லாதடா. உம்மேலயும் ஒண்ணும் வரக்கூடாது."

"யாரு மேலயும் ஒண்ணும் வராதும்மா," என்றேன். "எங்க சாமி அப்புடிப்பட்டவரு இல்ல."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதுவரை அவரை நான் அப்படிப்பட்டவர் என்றுதான் நம்பியிருந்தேன். பால் தவறினால் பிள்ளையை எடுத்துக்கொள்கிற கடவுளுக்குத்தான் ஏழு மாதம் பால் சுமந்திருந்தேன்.

என் தாயார் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். நான் ஊற்றினேன். குடித்தாள்.

இதுதான் நான் செய்த ஜெபத்துக்கு வந்த பதில். பதினோரு நாள் என் கையால் குடித்தாள். ஜுரம்கூடக் கொஞ்சம் தணிந்தது. பேத்தியை மடியில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் விடியும்போது அவள் மூச்சு நின்றுவிட்டது. முன்பே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்கிறீர்களா? வைத்தியர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்லுகிறேன், பிழைத்திருப்பாள்.

ஞானஸ்நானம் பெறாமல் போனாளே, அவள் இப்போது எங்கே இருப்பாள் என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அதைக் கர்த்தரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஒன்பது வயது. எஸ்தரின் தகப்பனாரை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய முன்கோபக்காரர். வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுகிறேன்.

கர்த்தர் எனக்குப் பதினோரு நாள் கொடுத்தார். ஒரு நாளுக்குக்கூட நான் பாத்திரவான் அல்ல. அதற்காக அழுதுகொண்டேதான் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். அவரை நம்புங்கள். அவர் உங்கள் தாயின் பங்கைக் கேட்கிறவர் அல்ல. இதை வாசிக்கிற உங்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருந்தால், இதற்கு மேல் என்னோடு ஜெபிக்க உட்காராதீர்கள். எழுந்து போய், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். எனக்கு இனி அப்படிக் கேட்கப் பெற்றவள் இல்லை.